மூலம் ஒன்றே இருக்கட்டும்

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடல் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"உங்க தொழிலைப் பத்திக் கொஞ்ச நேரம் பேசுங்க" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். என் தொழில் டெக்னிக்கல் ரைட்டிங். ஓர் இயந்திரத்தையோ சாஃப்ட்வேரையோ எப்படிப் பொருத்துவது, எப்படி இயக்குவது, பழுதானால் என்ன செய்வது என்று எழுதிக் கொடுக்கிற வேலை. ஊரில் சொன்னால், "எழுத்தாளரா? எந்தப் பத்திரிகையில எழுதறீங்க?" என்று கேட்கிறார்கள். யாரும் விரும்பிப் படிக்காத எழுத்து என்னுடையது. ஆனால் ஏதாவது கெட்டுப்போனால் முதலில் தேடுவது அதைத்தான்.

நம் லேப் ரெக்கார்டு நினைவிருக்கிறதா? ஒருவன் எழுதுவான், மற்றவர்கள் அதைப் பார்த்து எழுதுவோம். அவன் ஒரு ரீடிங்கில் புள்ளியை இடம் மாற்றிப் போட்டிருந்தால், வகுப்பு முழுவதும் அந்தப் புள்ளி அதே தவறான இடத்தில் இருக்கும். பிறகு அவன் தன் நோட்டில் திருத்திக்கொள்வான். நம் நோட்டில் தவறு அப்படியே நிற்கும். இதில் மார்க் போனால் போகட்டும். வேலையில் இதே பழக்கம் என்ன செய்யும் என்பதைத்தான் இன்று சொல்ல வந்தேன்.

2003 வாக்கில் மின்சாதனம் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில் இருந்தேன். மின் இணைப்பைத் துண்டித்த பிறகும் உள்ளே இருக்கும் கப்பாசிட்டரில் மின்னேற்றம் தங்கியிருக்கும். ஆகவே "5 நிமிடம் காத்திருந்து மூடியைத் திறக்கவும்" என்று எச்சரிக்கை எழுதியிருந்தோம். இந்த ஒரு வரி மூன்று இடங்களில் இருந்தது. அச்சுப் புத்தகத்தை நான் ஃபிரேம்மேக்கரில் செய்தேன். கம்ப்யூட்டரில் திறக்கும் ஹெல்ப்பை என் சக ஊழியர் ரோபோஹெல்ப்பில் செய்தார். சர்வீஸ் ஆட்கள் பையில் வைத்துக்கொள்ளும் ஒரு பக்கத் தாள் வேர்டில் இருந்தது. மூன்றும் ஒன்றைப் பார்த்து ஒன்று 'காப்பி, பேஸ்ட்' செய்தவை.

புது மாடலில் பெரிய கப்பாசிட்டர் வந்தது. "இனி 15 நிமிடம்" என்று டிசைன் பிரிவு எழுதி அனுப்பியது. நான் புத்தகத்தில் திருத்தினேன். அவர் ஹெல்ப்பில் திருத்தினார். வேர்டு தாள் யார் பொறுப்பு என்று யாருக்கும் தெரியவில்லை.

ஒரு சர்வீஸ் இன்ஜினியர் அந்தத் தாளைப் பார்த்து, 5 நிமிடம் சரியாகக் காத்திருந்து மூடியைத் திறந்தார். ஷாக் அடித்துப் பின்னால் விழுந்தார். நல்ல வேளை, இரண்டு விரல் தீய்ந்ததோடு பிழைத்தார். மறுநாள் அவரே எனக்குப் போன் செய்தார். கோபமாகக்கூடப் பேசவில்லை. "சார், நீங்க எழுதினதைப் படிச்சுத்தான் செஞ்சேன்" என்றார். அந்தக் குரல் இன்றும் என் காதில் இருக்கிறது.

"ஒரு வரியைத் திருத்துவது அவ்வளவு கஷ்டமா?" என்று நீங்கள் கேட்கலாம். மூன்று மென்பொருளும் தனித்தனி வீடு. ஒவ்வொன்றுக்கும் தனிப் பாஷை. ஃபிரேம்மேக்கர் பெரிய புத்தகங்களைப் பக்கம் பக்கமாக அமைக்கப் பிறந்தது. ரோபோஹெல்ப் சிறு சிறு தலைப்புகளாகத் திரையில் காட்டப் பிறந்தது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோனால் எழுத்து வந்து சேரும். எழுத்தோடு இருந்த அறிவு பல நேரம் வராது. "பக்கம் 42 பார்க்க" என்ற உயிருள்ள இணைப்பு வெறும் எழுத்தாகச் செத்துப்போகும். வரிசை எண் குழம்பும். 'இந்தப் பத்தி இந்த மாடலுக்கு மட்டும்' என்று போட்ட குறி காணாமல் போகலாம்.

இதில் நம் தவறும் உண்டு. வேர்டில் தலைப்பு வேண்டும் என்றால் 'ஹெடிங்' என்ற ஸ்டைலைத் தர வேண்டும். நாமோ எழுத்தைப் பெரிதாக்கித் தடிமனாக்கிவிட்டு எழுந்து போய்விடுகிறோம். கண்ணுக்கு அது தலைப்பு. இறக்குமதி செய்யும் மென்பொருளுக்கு அது கொஞ்சம் குண்டான ஒரு வரி, அவ்வளவுதான்!

இந்த நோய்க்கு மருந்து தேடியவர்கள் உண்டு. 1969-ல் ஐ.பி.எம். நிறுவனத்தில் கோல்ட்ஃபார்ப், மோஷர், லோரி என்ற மூவர், 'இது எப்படித் தெரிய வேண்டும்' என்பதை விட்டு, 'இது என்ன' என்று குறித்து வைக்கும் முறையைத் தொடங்கினார்கள். மூவர் பெயரின் முதல் எழுத்தும் சேர்ந்ததுதான் ஜி.எம்.எல். அதன் வழியில் எஸ்.ஜி.எம்.எல். 1986-ல் சர்வதேசத் தரமானது, 1998-ல் எக்ஸ்.எம்.எல். வந்தது. ஐ.பி.எம். உருவாக்கிய டிட்டா என்ற முறை 2005-ல் பொதுத் தரமாக ஏற்கப்பட்டது.

டிட்டாவில் 'இது எச்சரிக்கை', 'இது செய்முறையின் மூன்றாம் படி' என்று குறிப்போம். எழுத்தின் அளவும் நிறமும் வெளியிடும்போது வந்து சேரும். முக்கியமானது, அதில் கான்ரெஃப் என்று ஒன்று உண்டு. எச்சரிக்கையை ஒரே இடத்தில் எழுதி அதற்கு ஓர் அடையாளம் கொடுப்போம். புத்தகம், ஹெல்ப், தாள் மூன்றிலும் அந்த வரி இருக்காது. அது இருக்கும் இடத்தின் முகவரி மட்டும் இருக்கும். வெளியிடும்போது மென்பொருள் போய் எடுத்து வரும். 5-ஐ 15 ஆக்கினால் மூன்றிலும் 15. அன்றைக்கு இது எங்களிடம் இல்லை.

இதனால் எல்லாம் தீர்ந்ததா என்றால், இல்லை. ஒவ்வொரு மென்பொருளும் தனக்கென்று சில வசதிகளைச் சேர்த்து வைத்திருக்கிறது. அதில் மயங்கினால் மறுபடியும் அந்த வீட்டுக்குள் மாட்டிக்கொள்வோம். எழுதுகிற பழக்கமும் மாற வேண்டும். "மேலே சொன்னது போல" என்று எழுதக் கூடாது. இன்னொரு புத்தகத்தில் அதற்கு 'மேலே' வேறு ஏதாவது இருக்கும். பொருளின் பெயரைக்கூட நேராக எழுதாமல் ஒரு மாறியாக வைக்க வேண்டும். பெயரை மாற்ற மார்க்கெட்டிங்காரர்களுக்கு எத்தனை நேரம் ஆகும்?

தமிழர்களான நமக்கு இந்தக் கஷ்டம் புதிதல்ல. 1990-களில் ஒரு ஃபாண்டில் அடித்த தமிழ், வேறு ஃபாண்ட் போட்டால் கொக்கியும் புள்ளியுமாக நின்றதை அனுபவித்திருப்பீர்கள். 'அ' என்ற எழுத்தைச் சேமிக்காமல், அந்த ஃபாண்டில் 'அ' படம் இருந்த இடத்தின் எண்ணைச் சேமித்தோம். யூனிகோடு பரவிய பிறகுதான் எழுத்து எழுத்தாக நின்றது. அன்றைய ஃபைல்களை இன்றும் மாற்றிக்கொண்டிருப்பவர்கள் இந்த அரங்கிலேயே இருப்பீர்கள்.

மாணவச் செல்வங்களே, நீங்கள் எந்தத் துறைக்குப் போனாலும் எதையாவது எழுதத்தான் போகிறீர்கள். எந்த மென்பொருள் என்பது பெரிதல்ல. அது உங்கள் காலத்திலேயே நாலு முறை மாறும். ஒரு விஷயத்தை இரண்டாவது இடத்தில் ஒட்டக் கை போகும்போது ஒரு நிமிடம் நில்லுங்கள். "இதன் மூலம் எங்கே இருக்கு? நாளைக்கு மாறினால் யார் திருத்துவாங்க?" என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் ஒட்டாதீர்கள்.

காப்பி அடிப்பது பகிர்வது ஆகாது. இதை அன்றே சொன்னார் நம் லேப் சார். நமக்குத்தான் புரியவில்லை.