எட்டுப் பந்தும் ஒன்பதாவது பந்தும்

 

‘வேலைக்கான நேர்முகத் தேர்வில் புதிர்களை விடுவிப்பது எப்படி?’ என்று பேசச் சொன்னார்கள். நான் தோற்ற கதையைச் சொன்னால்தான் உங்களுக்குப் பயன்படும் என்று நினைக்கிறேன்.

இறுதியாண்டில் விடுதி அறையில் நாலு பேர் உட்கார்ந்து புதிர்களின் விடைகளை மனப்பாடம் செய்வோம். தேர்வில் எனக்குத் தெரிந்த கேள்வியே வந்தது. ‘ஒரே மாதிரி எட்டுப் பந்து. ஒன்று மட்டும் கனம் கூட. தராசில் குறைந்தது எத்தனை தடவை நிறுத்தால் கண்டுபிடிக்கலாம்?’

‘ரெண்டு தடவை சார்!’ என்றேன் பட்டென்று.

‘சரி தம்பி, ஒன்பது பந்து இருந்தா?’

‘மூணு தடவை...’

‘ஏன்?’

வாயடைத்துப் போனேன். வேலை கிடைக்கவில்லை. ஊர் திரும்பும் பஸ்ஸில்தான் புரிந்தது. தராசு சொல்லக்கூடிய பதில்கள் 3: இடது தட்டு இறங்கும், வலது தட்டு இறங்கும், அல்லது சமமாக நிற்கும். ஆகவே ஒரு தடவை நிறுத்தால் 3 பந்துகளில் கனமானதைப் பிரித்துவிடலாம். இரண்டு தடவையில் 9, மூன்று தடவையில் 27. ஒன்பதுக்கும் இரண்டே தடவைதான்! விடையைப் படித்த நான் காரணத்தைப் படிக்கவில்லை.

இன்று மேசைக்கு அந்தப் பக்கம் நான் உட்கார்ந்திருக்கிறேன். இத்தகைய மூளைப் புதிர்கள் வெறும் நேர விரயம் என்று, கூகுளில் பணியாளர் பிரிவுத் தலைவராயிருந்த லாஸ்லோ பாக் 2013-இல் சொல்லிவிட்டார். எனவே நான் கேட்பது நிரல் எழுதும் கேள்விதான். வரிசைப்படுத்திய பட்டியலில் ஓர் எண்ணைத் தேட வேண்டும். நடுவில் பார்த்துப் பாதியைத் தள்ளிக்கொண்டே போகும் ‘பைனரி சர்ச்’. 10 லட்சம் எண்கள் இருந்தாலும் 20 தடவை பார்த்தால் போதும். எல்லோரும் கடகடவென்று எழுதிவிடுகிறார்கள். ‘பட்டியல் காலியாக இருந்தால்? ஒரே ஓர் எண் இருந்தால்?’ என்றால் பேனா நின்றுவிடுகிறது.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஜாவா மொழியின் நிரல் நூலகத்திலேயே இந்தத் தேடலில் ஒரு பிழை பல ஆண்டுகள் ஒளிந்திருந்தது. நடுவைக் காண இரு முனைகளின் இட எண்களையும் கூட்டினார்கள். பட்டியல் மிகப் பெரிதானால் அந்தக் கூட்டுத்தொகை, கணிப்பொறி அதற்கு ஒதுக்கிய அளவைத் தாண்டிவிடும். 2006-இல் இதை ஊரறியச் சொன்னவர் ஜோஷ்வா பிளாக். அந்த நிரலை எழுதியவரே அவர்தான்!

சமீபத்தில் ஒரு மாணவி பாதியில் நிறுத்தி, ‘சார், நான் எழுதினது தப்பு. ஒரே எண் இருந்தா, பார்க்காமலேயே இல்லைன்னு சொல்லிடும். திருத்தட்டுமா?’ என்றார். அவரைத்தான் தேர்ந்தெடுத்தோம்.

மாணவச் செல்வங்களே! இன்றிரவு ஒரு புதிரை விடுவியுங்கள். விடை வந்ததும் பக்கத்து அறை நண்பனிடம் போய், ‘இன்னொரு பந்தைச் சேர்த்துக் கேளுடா’ என்று சொல்லுங்கள். என்னிடம் அன்றைக்கு யாரும் அப்படிக் கேட்கவில்லை.