ஓட்டு வாங்கிய செய்திகள்

2008 மார்ச்சில் ட்ரூ ஹூஸ்டன் என்ற அமெரிக்க இளைஞர் சில நிமிட வீடியோ ஒன்றைத் தயாரித்தார். இன்னும் சந்தைக்கு வராத தம் டிராப்பாக்ஸ் மென்பொருள் எப்படி வேலை செய்கிறது என்று திரையில் காட்டி, குரலும் அவரே கொடுத்திருந்தார். வீடியோ டிக் என்ற தளத்தில் ஏறியது. முன்னோட்டப் பதிப்புக்குக் காத்திருந்தவர்கள் அதுவரை 5,000 பேர். ஒரே இரவில் அது 75,000 ஆனது.

அந்த வீடியோவுக்குள் டிக் வாசகர்களுக்கு மட்டுமே புரியும் கேலிகளை ஹூஸ்டன் ஒளித்து வைத்திருந்தார். 'இவன் நம்ம ஆள்' என்று அவர்கள் ஓட்டுப் போட்டார்கள். பிறகு டிராப்பாக்ஸ் நிறுவனம் கூகுளில் காசு கொடுத்து விளம்பரம் செய்து பார்த்தது. 99 டாலர் சரக்கை விற்க, ஒரு வாடிக்கையாளருக்கு 233 முதல் 388 டாலர் வரை செலவானது!

டிக் 2004 இறுதியில் தொடங்கிய தளம். அந்நாளில் பிடித்த செய்தியின் இணைப்பை யாரும் அங்கே கொண்டுவந்து போடலாம். எது முதல் பக்கத்துக்கு ஏறும் என்பதை வாசகர் ஓட்டே தீர்மானிக்கும். அங்கே ஏறிவிட்டால் வந்து குவியும் கூட்டத்தில் சின்னத் தளங்களின் சர்வர் படுத்துக்கொள்ளும். தமிழ் வலைப்பதிவு உலகமும் இந்த ஓட்டு முறையை அறியும். தமிழ்மணம், தமிழிஷ் போன்ற பதிவுத் திரட்டிகள் கோலோச்சிய காலத்தில் 'ஓட்டுப் போட்டாச்சு' என்று பின்னூட்டம் விழும்; போட்டவர் பதிவைப் படித்தாரா என்பது வேறு விஷயம். போட்ட ஓட்டு, மொய்ப் பணம் மாதிரி, திரும்பி வந்தாக வேண்டும்.

ஓட்டு இருந்தால் ஓட்டு வேட்டையும் வரும். டிக்கில் ஒரு சிறு கூட்டமே முதல் பக்கத்தைப் பிடித்துக்கொண்டது என்ற புகார் நெடுநாள் இருந்தது. 2010 ஆகஸ்ட்டில் தளம் புது வடிவத்துக்கு மாறி, பத்திரிகை நிறுவனங்களின் செய்திகள் தாமாகவே வந்து விழ வழி செய்தது. வாசகர்கள் கொதித்துப்போய், போட்டித் தளமான ரெடிட்டின் இணைப்புகளாலேயே முதல் பக்கத்தை நிரப்பினார்கள். 2012-இல் டிக்கின் பெயரும் தளமும் சுமார் 5 லட்சம் டாலருக்குக் கைமாறின. ஒரு காலத்தில் ஈபே 7.5 கோடி டாலர் கொடுத்து வாங்கிய, இணையப் பக்கங்களைப் பரிந்துரைக்கும் ஸ்டம்பிள்அப்பான் தளமும் 2018-இல் மூடப்பட்டது.

நிலைத்தது ரெடிட். ஆயிரக்கணக்கான குழுக்கள், ஒவ்வொன்றுக்கும் சம்பளம் வாங்காத காவலர்கள். விளம்பர வாடை அடித்தால் பதிவைத் தூக்கிவிடுவார்கள். 2012-இல் நடிகர் வூடி ஹாரல்சன் 'எதையும் கேளுங்கள்' என்று அங்கே வந்தார். வந்த பிறகு தம் 'ராம்பார்ட்' படத்தைப் பற்றி மட்டுமே பேச விரும்பினார். ரெடிட்வாசிகள் வறுத்தெடுத்தார்கள். விளம்பரத்துக்குப் போய் மாட்டிக்கொண்டவர் கதை என்று இன்றும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

அப்படியானால் வியாபாரிக்கு அங்கே என்ன வேலை? இணைப்பைப் போட்டுவிட்டுக் கூட்டத்துக்குக் காத்திருப்பதில் இனிப் பயன் குறைவு. கேட்ட கேள்விக்கு ஒழுங்காகச் சொன்ன பதில்தான் நிற்கிறது. பொருள் வாங்குமுன் கூகுளில் 'ரெடிட்' என்ற சொல்லையும் சேர்த்துத் தேடும் பழக்கம் பலருக்கு வந்துவிட்டது. 2024-இல் கூகுளும், சாட்ஜிபிடியை நடத்தும் ஓப்பன்ஏஐயும் ரெடிட் உரையாடல்களைப் பயன்படுத்த ஒப்பந்தம் போட்டன. சில ஆண்டுகளுக்கு முன் யாரோ எழுதிய பதில் இன்று வேறொருவர் கேள்விக்கு விடையாகப் போய்ச் சேரலாம். இந்த மதிப்பு தெரிந்ததால்தான், வாடிக்கையாளர் வேடம் கட்டிய கூலி எழுத்தாளர்களும் அங்கே நுழைகிறார்கள்.

கும்பகோணத்துப் பாத்திரக் கடைக்கு ரெடிட் தேவையில்லை. அதன் வாடிக்கையாளர்கள் வாட்ஸ்அப்பில் இருக்கிறார்கள். வெளிநாட்டில் மென்பொருள் விற்க நினைக்கும் கோயம்புத்தூர்க்காரர் போகலாம். விளம்பர ஏஜென்சியை அனுப்பாமல் அவரே போக வேண்டும். வசவு விழுந்தால் அதற்கும் அவரே உட்கார்ந்து பதில் எழுத வேண்டும்.