சிஹெச்கான் போட்டா போதுமா?

ஏற்காட்டுல ஒரு ஹோம்ஸ்டே, அதுக்கு ஃபெடோரா சர்வர்ல ஒரு வெப்சைட்னு வெச்சுக்குவோம். கோடை விழா சமயம், புக்கிங் வர்ற நேரம். சேர்வராயன் கோயில் போட்டோவை எல்லாம் ஹோம் ஃபோல்டர்லேர்ந்து வெப் ஃபோல்டருக்கு எம்வி பண்ணியாச்சு. திறந்தா 403. சிஹெச்மாட் 777 கொடுத்தாலும் (தயவுசெஞ்சு கொடுக்காதீங்க) அதே 403.

தடுக்கிறது எஸ்ஈலினக்ஸ். அமெரிக்காவோட என்எஸ்ஏ 2000-ல வெளியிட்டது. உங்க ஆண்ட்ராய்டு போன்லயும் இருக்கு. ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு லேபிள். எம்வி பண்ணா பழைய லேபிளும் கூடவே வந்துடும். சிபி பண்ணா, போய்ச் சேர்ற இடத்தோட லேபிள் கிடைக்கும். எல்எஸ் போட்டு ஹைஃபன் பெரிய இசட் சேர்த்தா தெரியும்.

‘செட்என்ஃபோர்ஸ் 0 போடு’ன்னு யாராவது சொல்வாங்க. நாலு போட்டோவுக்காக மொத்த சர்வரோட காவலையும் தளர்த்துறதா?

சிஹெச்கான்ல லேபிளை மாத்தினா உடனே பக்கம் திறக்கும். ஆனா என்னைக்காவது ரீஸ்டோர்கான் ஓடினா அந்த மாற்றம் போயிடும். சோதிச்சுப் பார்க்க மட்டும் அது. வழக்கமான வெப் ஃபோல்டர்னா நேரா ரீஸ்டோர்கான் போதும். சொந்தமா வேற இடத்துல ஃபோல்டர் வெச்சிருந்தா, முதல்ல செமேனேஜ் எஃப்கான்டெக்ஸ்ட்ல விதியை எழுதுங்க, அப்புறம் ரீஸ்டோர்கான். பெரிய ஆர், சின்ன வி சேர்த்துக்கிட்டா உள்ளே எந்தெந்த ஃபைல் மாறுதுன்னு வரிசையா காட்டும்.