ஒரு பெயர், ஒரு மனிதர்: விரிதாளும் நமது பொறுப்பும்

(இலண்டனில் பெற்றோரும் இளையோரும் கூடிய ஆவணப்படுத்தற் பயிலரங்கில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



பட்டியலொன்றில் மீண்டும் மீண்டும் வரும் பெயர்களை நீக்கி, ஒவ்வொரு பெயரையும் ஒருமுறை மட்டும் பெறுவது எங்ஙனம் என்பதே இன்று எனக்குத் தரப்பட்ட தலைப்பு. கணினி வகுப்பில் பத்து நிமிடத்தில் முடியும் பாடம் இது. ஆனால் நம் கையிலிருப்பது கடைச் சரக்குப் பட்டியல் அன்று. காணாமல் ஆக்கப்பட்டோரின் பட்டியல்.

ஒரே பெயர் ஏன் பலமுறை வருகின்றது? தாயகத்துத் தாயொருத்தி 2010இல் அமைந்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவிடம் தன் மகனின் பெயரைச் சொன்னாள். 2013இல் நியமிக்கப்பட்ட பரணகம ஆணைக்குழுவிடமும் சொன்னாள். 2016ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்திடமும் சொன்னாள். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய வீதியோரப் போராட்டத்திலும் அதே பெயரை ஏந்தி அமர்ந்தாள். அவள் இழந்தது ஒரு மகனை. பட்டியல்களில் அவன் நான்கு பேர். இதைத் திருத்தாது விட்டால், மறுப்போர் அந்த ஒரு பிழையைக் காட்டியே முழுப் பட்டியலையும் பொய்யென்பர்.

இனி வழிமுறைக்கு வருவோம். மைக்ரோசாப்ட் எக்செல் 365, எக்செல் 2021, கூகுள் சீட்ஸ் ஆகியவற்றில் 'யுனீக்' என்னும் சூத்திரம் உண்டு. லிப்ரே ஆபிஸ் மென்பொருளில் 2024இல் வெளிவந்த 24.8 பதிப்பு முதல் உண்டு. வெற்றுக் கலமொன்றில் சமக்குறி இட்டு, யுனீக் என எழுதி, அடைப்புக்குறிக்குள் ஏ2:ஏ500 என வீச்சைக் கொடுத்தால், ஒவ்வொரு பெயரும் ஒருமுறை மட்டும் கீழ்நோக்கி விரியும். மூலப் பட்டியல் மாறாது. எக்செல் 2007 முதல் உள்ள 'ரிமூவ் டூப்ளிகேட்ஸ்' என்னும் கட்டளையோ மூலத்திலிருந்தே நிரைகளை அழித்துவிடும். ஆகவே மூலக் கோப்பில் அதனை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள்.

இச்சூத்திரத்தின் மூன்றாம் இடத்தில் 'ட்ரூ' என இட்டால், ஒரேயொரு முறை வந்த பெயர்கள் மட்டுமே கிடைக்கும். நான்கு இடங்களில் முறையிட்ட அத்தாயின் மகன் முழுமையாக மறைந்துபோவான். அதிகம் சாட்சியுள்ளவனே முதலில் அழிவான்! இப்பிழையை நானே ஒருமுறை செய்தேன். எண்ணிக்கை திடீரெனக் குறைந்ததால் தப்பினேன்.

அடுத்தது நமது பெயர்களின் இயல்பு. கற்பனையாக ஒரு பெயரை எடுத்துக்கொள்வோம். 'த. சிவகுமார்', 'தம்பிராசா சிவகுமார்', 'சிவக்குமார் தம்பிராஜா' மூவரும் ஒருவரே என்பது நமக்குத் தெரியும்; கணினிக்குத் தெரியாது. வீண் இடைவெளிகளை 'ட்ரிம்' சூத்திரம் நீக்கும். பாமினி எழுத்துருவில் தட்டச்சானவற்றை முதலில் யுனிகோடுக்கு மாற்றவேண்டும். எஞ்சியதை மனிதக் கண்தான் பார்க்கவேண்டும்.

இதற்கு மறுதலையான ஆபத்தும் உண்டு. ஒரே ஊரில் ஒரே பெயருடைய இருவர் இருந்திருக்கலாம். பெயரை மட்டும் வைத்து ஒருவரை நீக்கினால், அவரை இரண்டாம் முறையும் காணாமல் ஆக்கியவர்கள் நாமே. எனவே பெயர், தந்தை பெயர், பிறந்த ஆண்டு, ஊர், இறுதியாகக் காணப்பட்ட திகதி எனத் தனித்தனி நிரல்கள் வையுங்கள். யுனீக் சூத்திரத்திற்கு எல்லா நிரல்களையும் சேர்த்துக் கொடுத்தால், அனைத்தும் பொருந்திய நிரைகளே ஒன்றாகும். ஐயமுள்ளவற்றைக் குறித்துவைத்துக் குடும்பத்தாரிடம் கேளுங்கள். இங்கேதான் பெற்றோர்களே, உங்கள் பணி. பிள்ளைகளுக்குச் சூத்திரம் தெரியும். எந்தக் குடும்பம் எந்த ஊர் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

இறுதியாக ஒன்று. திரும்ப வரும் பெயர் குப்பை அன்று. 2009 மே 17 முதல் 19 வரை சரணடைந்து காணாமல் ஆக்கப்பட்டோர் எத்தனை பேர் என்பதைப் புள்ளியியலாளர் பற்றிக் போல், பிரான்சஸ் ஹரிசன் இருவரும் 2018இல் ஆராய்ந்தனர். வெவ்வேறு பட்டியல்களை இணைத்து, எவ்வெப் பெயர் எத்தனை பட்டியல்களில் உள்ளது என்று கணக்கிட்டு, ஏறத்தாழ 500 பேர் என மதிப்பிட்டனர். இதன் அடிப்படை எளியது. ஒரு பட்டியலில் 100 பெயர், மற்றதில் 80, இரண்டிலும் பொதுவாக 40 எனக் கொள்வோம். தனித்த பெயர்கள் 140. பட்டியல்கள் ஒன்றையொன்று சாராதவையெனின், 100ஐ 80ஆல் பெருக்கி 40ஆல் வகுக்க 200 வரும். அதாவது எந்தப் பட்டியலிலும் இடம்பெறாதோர் சுமார் 60 பேர். பொதுவான பெயர்கள் எத்தனை என்று எழுதிவைக்காமல் அழித்திருந்தால், இந்த அறுபது பேரைப் பற்றி நாம் அறிந்திருக்கவே மாட்டோம்.

ஆகவே இளையோர்களே, மூலத்தைக் காத்துவையுங்கள். எந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று குறியுங்கள். சாட்சிகளின் பாதுகாப்பை எண்ணிக் கோப்பைப் பூட்டிவையுங்கள். ஒவ்வொரு நிரைக்கும் பின்னால் ஒரு வீடு காத்திருக்கின்றது என்பதை மறவாதீர்கள்.