இல்லமே குடியியலின் முதல் வகுப்பறை
(பெக்கோக் வட்டாரத் தோட்டப் பெற்றோர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

 

விடியுமுன் எழுந்து, மரம் சீவி, பாலை நிறுவையில் சேர்த்துவிட்டு, களைப்பையும் பொருட்படுத்தாது இங்கே கூடியிருக்கின்றீர்கள். உங்கள் பிள்ளைகளின் நல்வாழ்வில் உங்களுக்குள்ள அக்கறைக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டை முடித்து முதலாம் படிவத்தில் அடியெடுத்து வைக்கும் பிள்ளைகளுக்குக் குடியியலும் மனநலமும் கற்பிப்பதில் நமக்குரிய பங்கு யாது என்பதைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகின்றேன்.

1970ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் ருக்குன் நெகாரா கோட்பாடு பறைசாற்றப்பட்டது. 2005ஆம் ஆண்டில் இடைநிலைப்பள்ளிகளில் குடியியலும் குடியுரிமையும் தனிப்பாடமாயின. பின்னர் 2019 ஜூன் மாதத்தில், குடியியலை வரலாறு, நன்னெறி, மொழி முதலிய பாடங்களினூடே கற்பிக்கும் முறை வந்தது. அன்பு, மதிப்பளித்தல், பொறுப்புணர்ச்சி, மகிழ்ச்சி ஆகிய நான்கு பண்புகள் அதற்கு அடிப்படையாக வைக்கப்பட்டன.

குடியியலில் மகிழ்ச்சிக்கு என்ன வேலை என்று சிலர் வினவலாம். பால்வெட்டுத் தொழிலறிந்த உங்களுக்கு இது எளிதில் விளங்கும். கத்தி அளவுக்கு மீறி ஆழப் பதிந்தால் மரம் காயப்படும். அவ்விடத்தில் புதுப்பட்டை சீராக வளராது. இளம் நெஞ்சமும் அத்தகையதே. வீட்டில் தன் சொல்லுக்குச் செவிகொடுப்பார் இல்லாத பிள்ளை, நாளை நாட்டின் பொதுக்காரியத்தில் தலைநிமிர்ந்து பேசுவது எங்ஙனம்?

தமிழ்ப்பள்ளியில் தாய்மொழியில் பயின்ற பிள்ளை, இடைநிலைப்பள்ளியில் மலாய்மொழியில் பாடங்களைக் கேட்கிறது. பள்ளியும் புதிது, முகங்களும் புதியவை. "வயிறு வலிக்கிறது, பள்ளிக்குப் போகவில்லை" என்று அடிக்கடி சொல்லும் பிள்ளையை உடனே சோம்பேறி என்று ஏசிவிடாதீர்கள். ஒருகால் உடன்பயிலும் மாணவர் பகடிவதை செய்யலாம். பாடம் விளங்காமையால் வெட்கப்படலாம். அன்றாடம் மாலையில் சிறிது நேரம் அருகே அமர்த்தி, மதிப்பெண்ணை மட்டும் கேளாமல், "இன்று யாரோடு பேசினாய்? எது உனக்குத் துன்பம் தந்தது?" என்றும் கேளுங்கள். தேவையெனில் பள்ளியின் ஆலோசனை ஆசிரியரைக் காணுங்கள். பிள்ளைக்குக் கொடுமை நேர்ந்தால் 15999 என்னும் தாலியான் காசே எண்ணுக்கு அழைக்கலாம். உதவி நாடுவது இழுக்கன்று.

இனிக் குடியுரிமைக்கு வருவோம். நம் முன்னோர் பட்ட பாட்டை மறத்தலாகாது. 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, குடியுரிமை இல்லாதவர் வேலை செய்வதற்கு அனுமதிச் சீட்டுப் பெறவேண்டியதாயிற்று. ஆண்டாண்டுக் காலம் இம்மண்ணில் உழைத்தும், உரிய காலத்தில் விண்ணப்பிக்காத பல்லாயிரவர் வேலையிழந்து இந்தியாவுக்குக் கப்பலேறினர். ஒரு தாள் இல்லாமையால் குடும்பங்கள் பிரிந்தன.

அந்நிலை நம் பிள்ளைகளுக்கு நேரலாகாது. 1982 மார்ச் 1ஆம் நாள் முதல் முஸ்லிம் அல்லாதார் திருமணத்தைச் சட்டப்படி பதிவு செய்தல் கட்டாயம். கோயிலில் தாலி கட்டியது மட்டும் போதாது. பதிவில்லையேல், பிள்ளையின் குடியுரிமை தாயின் நிலையையே சார்ந்து நிற்கும். தாய்க்கு அவ்வுரிமை இல்லாவிடில் பிள்ளை நாடற்றதாகிவிடக்கூடும். பிறப்புப் பத்திரத்தைக் காலந்தாழ்த்தாது பெறுங்கள். பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது நிறைந்ததும் மைகார்டு எடுங்கள். 2023 மார்ச்சில் நம் சிகாமட் மாவட்டத்தை வெள்ளம் சூழ்ந்ததை அறிவீர்கள். ஆதலின் பத்திரங்களை நீர்புகாத உறையிலிட்டு உயரமான இடத்தில் வையுங்கள். அப்பணியைப் பிள்ளையிடமே ஒப்படையுங்கள். பொறுப்புணர்ச்சிக்கு அதுவே நல்ல பயிற்சி.

பெக்கோக் என்பது நம் பட்டணத்தின் பெயர் மட்டுமன்று. ஜோகூர் சட்டமன்றத் தொகுதி ஒன்றின் பெயரும் ஆகும். வாக்களிக்கும் வயதை இருபத்தொன்றிலிருந்து பதினெட்டாகக் குறைக்கும் அரசியலமைப்புத் திருத்தம் 2019 ஜூலையில் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 2021 டிசம்பர் 15 முதல் நடப்புக்கு வந்தது. வாக்காளராகப் பதிவு செய்வதும் தானாகவே நடைபெறும் ஏற்பாடாயிற்று. 2022 மார்ச் 12ஆம் நாள் நடந்த ஜோகூர் சட்டமன்றத் தேர்தலில் பதினெட்டு வயது இளைஞர் முதன்முதலாக வாக்களித்தனர். இன்று உங்கள் மடியருகே அமர்ந்திருக்கும் பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு இன்னும் ஐந்தே ஆண்டுகளில் அவ்வுரிமை வந்துசேரும். அதற்கு ஆயத்தப்படுத்த நமக்குள்ள காலம் அவ்வளவே.

பெரியோர்களே! பள்ளி பாடத்தைப் புகட்டும். அதனைப் பழகிப் பார்க்கும் இடம் இல்லமே. தந்தை தாயை மதித்தால் பிள்ளை மதிப்பளித்தலைக் கற்கும். அண்டை வீட்டு மலாய்க்காரருக்கும் சீனருக்கும் ஓர் ஆபத்தென்றால் நாம் ஓடிச் செல்வதைக் கண்டால் ஒற்றுமையைக் கற்கும். இன்றிரவு வீடு திரும்பியதும் இரண்டு செயல்களைச் செய்யுங்கள்: பெட்டியைத் திறந்து பிள்ளையின் பத்திரங்களைச் சரிபாருங்கள், பின்னர்ப் பிள்ளையை அருகழைத்து, அது சொல்வதை இடைமறியாமல் கேளுங்கள்.