இடிந்த சுவரும் இடியாத சுவரும்

(ஜூபிலி விழாவுக்கு ஆயத்தமாக நடந்த தியான நாளில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



ஜூபிலி வந்துவிட்டது என்று கோயிலுக்கு வெள்ளையடிக்கிறோம், கொடிமரத்துக்கு வர்ணம் பூசுகிறோம், தோரணம் கட்டுகிறோம். நல்லதுதான். ஆனால் லேவியர் நூலில் சொல்லப்படும் ஜூபிலி வேறு. ஐம்பதாம் ஆண்டில் எக்காளம் ஊதப்படும். அடிமைப்பட்டவன் விடுதலையாகி வீடு திரும்புவான். கைவிட்டுப்போன நிலம் உரியவனிடம் வந்து சேரும். அப்படியானால் இந்த நாளில் நாம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. ஞானஸ்நானம் பெற்ற நம் உள்ளத்தை இன்னும் அடிமையாக வைத்திருப்பது எது?

புனித சின்னப்பர் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் ஏழாம் அதிகாரத்தில் இந்தப் போராட்டத்தை விவரிக்கிறார். மனம் நன்மையை விரும்புகிறது. கையோ தான் வெறுக்கும் தீமையைச் செய்கிறது. திருச்சபையும் இதை மறைத்ததில்லை. 1546-ம் ஆண்டில் திரெந்துப் பொதுச்சங்கம் தெளிவாகப் போதித்தது: ஞானஸ்நானத்தால் ஜென்மப் பாவம் நீங்குகிறது, ஆயினும் பாவத்தை நோக்கிச் சாயும் நாட்டம் நம்மில் தங்குகிறது, நாம் போராடுவதற்காகவே அது விடப்பட்டிருக்கிறது, அதற்கு இணங்காமல் கிறிஸ்துவின் அருளால் எதிர்த்து நிற்பவர்களுக்கு அது கேடு செய்யாது. ஆகவே சோதனை வருகிறதே என்று கலங்க வேண்டாம். போராட்டமே இல்லாத இடத்தைப் பார்த்துத்தான் நாம் பயப்பட வேண்டும். அங்கே நாம் எப்போதோ சரணடைந்துவிட்டோம்.

அப்படி நாம் சரணடைந்த ஓர் இடத்தை நம் ஊர்ச் சரித்திரமே காட்டுகிறது.

மிஷன் வீதியில் உள்ள பெரிய கோயிலைச் சம்பா கோயில் என்கிறோம். சேசு சபைக் குருக்கள் அங்கிருந்த பழைய கோயிலைப் பிரெஞ்சு மொழியில் சின்னப்பர் பெயரால், ‘சேன் போல்’ என்று அழைத்தார்கள். அதுவே மக்கள் வாயில் ‘சம்பா’ ஆயிற்று என்பர். அந்தப் பழைய கோயிலுக்குள்ளே ஒரு சுவர் இருந்தது. ஒருபுறம் வெள்ளைக்காரரும் சட்டைக்காரரும் மேல்சாதிக் கிறிஸ்தவர்களும். மறுபுறம் பறையர் என்று ஒதுக்கப்பட்ட கிறிஸ்தவர்கள். 1745 அக்டோபரில், துய்ப்ளேக்ஸ் கவர்னராயிருந்த காலத்தில், காரைக்காலிலிருந்து ஒரு குருவானவர் வந்திருந்தார். ஒதுக்கப்பட்டவர்கள் முறையிட்டார்கள். சுவர் இடிக்கப்பட்டது. மேல்சாதியார் கொதித்தெழுந்தனர்.

இதை எழுதிவைத்தவர் யார் தெரியுமா? கிறிஸ்தவரல்லாத ஆனந்தரங்கப் பிள்ளை. தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். வெளியே நின்றவர் கவனித்தார். உள்ளே முழந்தாளிட்டிருந்த நம் முன்னோர் பலருக்கோ அது பாவமாகவே தெரியவில்லை.

அந்தக் கோயில் 1761-ல் ஆங்கிலேயர் நகரைப் பிடித்தபோது அழிந்தது. இன்றைய கோயில் 1791-ல் அபிஷேகமாயிற்று. ஆனால் சுவர் போயிற்றா? 2008 மார்ச்சில், நம்முடைய புதுவை–கடலூர் உயர்மறைமாவட்டத்து எறையூரில், ஒரே ஞானஸ்நானம் பெற்றவர்கள் சாதியால் பிரிந்து மோதினார்கள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர்கள் போயின. செங்கல் சுவர் ஒரு நாளில் இடிந்தது. உள்ளத்துச் சுவர் 263 ஆண்டுகளுக்குப் பிறகும் நின்றது.

எறையூர் நமக்குத் தூரம் என்று ஆறுதல் கொள்ள வேண்டாம். பெண் பார்க்கும்போது, “வேதம் ஒன்றுதான், ஆனாலும் நம்மவர்களா?” என்று விசாரிக்கிறோம். அன்பியக் கூட்டம் ஒரு குறிப்பிட்ட தெருவில் என்றால் அன்று நமக்கு வேலை வந்துவிடுகிறது. போனாலும், அங்கே கொடுக்கும் காபியை “இப்போதுதான் குடித்தேன்” என்கிறோம். கேட்டால் மனம் மூன்று பதில் வைத்திருக்கிறது: இது வழக்கம்; பெரியவர்கள் வருத்தப்படுவார்கள்; நாம் யாரையும் வெறுக்கவில்லையே! பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழந்தாளிடும்போது கோபம், பொய், பூசைக்குப் போகாதது எல்லாம் நினைவுக்கு வருகின்றன. இது மட்டும் வருவதில்லை. பீடத்தில் நிற்கும் குருக்களாகிய நாமும் இதற்கு விலக்கல்ல. யாருக்கு மனம் நோகும் என்று கணக்குப் பார்த்து, எத்தனை பிரசங்கங்களில் இதைச் சொல்லாமல் விட்டிருக்கிறோம்!

அன்பர்களே, அவநம்பிக்கை வேண்டாம். புனித இராயப்பரைப் பாருங்கள். பரிசுத்த ஆவியைப் பெற்றவர். கொர்நேலியு வீட்டில், கடவுள் ஆள்பார்த்துச் செயல்படுவதில்லை என்று வாயாரச் சொன்னவர். அவரே அந்தியோக்கியாவில் புறவினத்தாரோடு பந்தியமர்ந்து உண்டுவந்தவர், எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் பயந்து விலகிக்கொண்டார். சின்னப்பர் எல்லார் முன்னிலையிலும் அவரைக் கண்டித்தார். திருச்சபையின் முதல் தலைவரே சாப்பாட்டுப் பந்தியில் சறுக்கினார். ஆனால் அங்கேயே கிடந்துவிடவில்லை. எழுந்து நடந்து, கடைசியில் கிறிஸ்துவுக்காக உயிரையே கொடுத்தார். விசுவாசியின் வாழ்வு இதுதான். விழுவதும் உண்டு, கண்டிப்பைக் கேட்பதும் உண்டு, எழுவதும் உண்டு.

எருசலேம் ஆலயத்திலும் ஒரு தடுப்புச் சுவர் இருந்தது. புறவினத்தார் அதைத் தாண்டினால் மரணம். கிறிஸ்து தம் உடலைக் கையளித்து, பகையாகிய சுவரைத் தகர்த்தார் என்று எபேசியருக்குச் சின்னப்பர் எழுதுகிறார். அந்த உடலைத்தான் நாம் நன்மையாக உட்கொள்கிறோம். உட்கொண்டு வெளியே வந்து, அதே சுவரை மறுபடியும் கட்டலாமா?

ஆகவே விழாவுக்கு முன் மூன்று காரியம் செய்வோம். இன்றிரவு ஆத்தும சோதனையில், யார் வீட்டில் நாம் கை நனைத்ததில்லை என்று எண்ணிப் பார்ப்போம். அதைப் பாவம் என்று பெயர் சொல்லி, ஒப்புரவு அருட்சாதனத்தில் அறிக்கையிடுவோம். பிறகு, விழா முடிவதற்குள் அந்த வீட்டு வாசற்படியை மிதிப்போம்; கொடுப்பதை வாங்கிக் குடிப்போம். முதல் தடவை கால் தயங்கும். தயங்கட்டும். போராட்டம் தொடங்கிவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம்.

ஆண்டவரே, எங்கள் முன்னோர் காலத்துக் கோயிலுக்குள் இருந்த சுவர் இடிந்தது. எங்களுக்குள் இருப்பதையும் இடித்தருளும். ஆமென்.