கரிசல் வீட்டுக்கு மாடி எடுக்கும் முன்

விளாத்திகுளம் பக்கம் பழைய வீட்டுக்கு மாடி எடுக்கப் போகிறவர்களுக்கு இன்று ஒரு தகவல்.

வெள்ளையடிக்க, உதிர்ந்த பூச்சைச் சரிசெய்ய, தரைக்கு டைல்ஸ் பதிக்க அனுமதி வேண்டாம். மாடி எடுத்தாலோ, அறையைப் பெரிதாக்கினாலோ அனுமதி கட்டாயம்.

2024 ஜூலையில் தமிழக அரசு சுயசான்றுத் திட்டத்தைக் கொண்டுவந்தது. 2,500 சதுர அடி வரையிலான மனையில், தரைத்தளமும் ஒரு மாடியுமாக 3,500 சதுர அடிக்குள் வீடு கட்டுபவர்கள் பத்திரம், பட்டா, வரைபடத்தை ஒற்றைச்சாளர இணையதளத்தில் ஏற்றிக் கட்டணம் செலுத்தினால் உடனே அனுமதி. முன்கூட்டி யாரும் வந்து இடத்தைப் பார்ப்பதில்லை. அலைச்சல் குறைந்தது, உண்மையிலேயே நல்ல காரியம்.

ஆனால் நம் மண் கரிசல். மழையில் உப்பும், கோடையில் கை நுழையும் அளவுக்குப் பிளக்கும். சுவரில் கோணல்மாணலாக வெடிப்பு ஓடுவது பெரும்பாலும் இதனால்தான். ஓட்டுக்கூரையைத் தாங்க நம் தாத்தாமார் போட்ட கடைக்காலின் மேல் கான்கிரீட் மாடியை ஏற்றலாமா என்பதை இணையதளம் சொல்லாது. கடைக்கால் ஓரம் ஒரு குழி தோண்டச் செய்து, ஆழத்தையும் மண்ணையும் பொறியாளரிடம் காட்டுங்கள். புதிதாகக் கட்டுவதாக இருந்தால், ரூர்க்கி மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இத்தகைய மண்ணுக்கென்றே உருவாக்கிய, அடியில் குமிழ்போல் விரியும் தூண் அடித்தளம் பற்றிக் கேளுங்கள். ஈரம் அதிகம் மாறாத ஆழத்தில் அது ஊன்றி நிற்கும்.

வரைபடம் போடக் கொடுக்கும் முன்பே இந்தக் குழியைத் தோண்டிவிடுங்கள்.